குறைமாதக் குழந்தை ஆராய்ச்சிக்கு ஊர்ப் பணம் கொடுப்பது எப்படி?

பிறந்த நாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பெரும்பாலும் அந்தப் பணம் குழந்தையைச் சூடாக வைக்கும் ஒரு வார்மராக, மஞ்சள் காமாலைக்கான ஒரு ஃபோட்டோதெரபி லைட்டாக, ஒன்றும் இல்லையென்றால் நாலு நாற்காலியாகப் போய் நிற்கும், அதன் முதுகில் 'உபயம்' என்று பெயிண்டில் பெயரும் இருக்கும். தப்பே இல்லை. என் மகள் 31 வாரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த அத்தனை நாளும் நான் உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு மளிகைக்கடைக்காரர் உபயமாகக் கொடுத்த பெஞ்சில்தான்.

இங்கே சொல்லப்போவது வேறு மாதிரியான உபயம். ஒரு கேள்விக்கு விடை தேடப் பணம் கொடுப்பது. அதில் பெயர் எழுத இடம் கிடையாது, திறப்பு விழா கிடையாது, இரண்டு வருஷம் கழித்து ஒரு பத்துப் பக்கக் காகிதம்தான் கையில் வரும். அதனால்தான் யாரும் கொடுப்பதில்லை. எங்கள் குழுவில் ஒன்பது பேர், கல்லூரி நண்பர்களும் இரண்டு ஓய்வு பெற்ற நர்ஸ்களும். ஆரம்பத்தில் "ஆராய்ச்சியெல்லாம் டெல்லிக்காரன் வேலை, அஞ்சு லட்சத்தை வைத்துக்கொண்டு நாம என்ன பண்ண முடியும்" என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. முடியும். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம், யார் வழியாகக் கொடுக்கிறோம் என்பதில் நாங்கள் செய்த மாதிரி சொதப்பாமல் இருக்க வேண்டும்.

உள்ளூரில் ஏன் தேட வேண்டும்

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020-ல் உலகம் முழுக்க அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். இவ்வளவு குழந்தைகள் இங்கே பிறக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் விதிகளில் பெரும்பாலானவை வேறெங்கோ வேறு மாதிரிக் குழந்தைகளை வைத்து எழுதப்பட்டவை.

அது எங்கே இடிக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை (இவர்கள் நிறைமாதக் குழந்தைகள்) 72 மணி நேரம் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் வழக்கமான சிகிச்சை. உயிரையும் மூளையையும் காப்பாற்றும் என்று அங்கே நிரூபித்துவிட்டார்கள். அதையே இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள், ஹீலிக்ஸ் என்று பெயர், சென்னையும் அதில் உண்டு. 2021-ல் முடிவு வெளிவந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காமல் வழக்கமாகப் பார்த்துக்கொண்ட குழந்தைகளில் 31 சதவீதம். அந்தச் சோதனையை இங்கே செய்யாமல் இருந்திருந்தால், நல்ல மனசுள்ள யாரோ குளிர்விக்கும் மெஷினை வாங்கி உபயம் எழுதி வைத்திருப்பார்கள்.

கண் விஷயமும் அப்படித்தான். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகும் ஆபத்து உண்டு, வார்டில் ஆர்.ஓ.பி. என்பார்கள். அமெரிக்க விதிப்படி பொதுவாக 1500 கிராமுக்குள், அல்லது 30 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்தால் போதும். இங்கே அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் அது வருகிறது என்று நம் கண் மருத்துவர்கள் கவனித்து எழுதிய பிறகுதான் 2000 கிராமுக்குக் கீழே, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் 30 நாளைக்குள் பார்த்துவிட வேண்டும் என்ற இந்திய விதி வந்தது. இது யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால் வந்த விதி, பெரிய லேபரட்டரி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் இந்த எண்ணும் வேலைக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரு சிக்கலும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். பிறந்து 28 நாளைக்குள் இறப்பது 2020 கணக்கில் ஆயிரத்துக்கு 9, நாட்டின் சராசரி 20. ஆக, பிறக்கும் குழந்தை கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கிறது, காப்பாற்றியும் அனுப்பிவிடுகிறோம். வீட்டுக்குப் போன பிறகு அது எப்படி வளர்கிறது, பார்க்கிறதா, கேட்கிறதா, ஒன்றரை வயதில் நடக்கிறதா என்பதைத்தான் விடாமல் துரத்திப் பார்க்க ஆள் இல்லை. என்னைக் கேட்டால் ஊர்ப் பணம் போக வேண்டிய முதல் இடம் அதுதான்.

முதலில் கேள்வி, அப்புறம் பணம்

பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு "டாக்டர், ஏதாவது ஆராய்ச்சி பண்ணுங்க" என்று போகாதீர்கள். முதுகலை மாணவர்களின் தீசிஸ்தான் கிடைக்கும், அதுவும் ஏற்கெனவே இருபது பேர் செய்ததை இருபத்தோராவது ஆளாகச் செய்வது.

முதலில் வார்டுக்கு வெளியே போய் உட்காருங்கள். கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு கட்டி வைத்திருக்கும் அம்மாக்கள், அவர்களுக்குச் சோறு கொண்டுவரும் பாட்டிகள், ராத்திரி ஷிப்டு முடித்து வரும் சிஸ்டர்கள், பத்துப் பதினைந்து பேரிடம் பேசினாலே கேள்விகள் கொட்டும். "ஏழு மாசத்துக் குழந்தை தங்கும், எட்டு மாசத்துக் குழந்தை தங்காதும்மா" என்று ஒரு பாட்டி என்னிடமே சொன்னார். மருத்துவப்படி அது தலைகீழ், வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அப்படி நம்பும் வீட்டில் எட்டாம் மாசத்தில் பிறந்த குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், மறுபரிசோதனைக்குக் கூட்டி வருகிறார்களா என்பது ஒரு உருப்படியான ஆராய்ச்சிக் கேள்வி. பிரிட்டனில் குறைப்பிரசவ ஆராய்ச்சியில் எதை முதலில் செய்ய வேண்டும் என்ற பட்டியலையே பெற்றோரும் டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து தயாரித்து 2014-ல் வெளியிட்டார்கள். நாம் அவ்வளவு விரிவாகச் செய்ய வேண்டாம், ஒரு டீக்கடை பெஞ்சும் நோட்டுப் புத்தகமும் போதும்.

அப்புறம் கேள்வியைப் பணத்தின் அளவுக்கு வெட்ட வேண்டும், இதில்தான் ஆர்வக்கோளாறு வரும். "உயிர் காப்பாற்றுமா" என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் வேண்டும். பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினால் இறப்பு குறையுமா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டது, இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங். சேர்த்த குழந்தைகள் 3211. இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்ததை உறுதியாகச் சொல்ல அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். பத்து லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு இதைக் கேட்கக் கூடாது. கேட்டால் விடை வராது, 'மேலும் ஆராய்ச்சி தேவை' என்ற வரிதான் வரும்.

ஆனால் அதே கங்காரு விஷயத்தில், ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறார்களே, நம் மாவட்ட மருத்துவமனையில் உண்மையில் எத்தனை மணி நேரம் நடக்கிறது, ஏன் நிற்கிறது (நாற்காலி இல்லையா, மாமியார் விடவில்லையா, சிசேரியன் வலியா) என்பதை நூறு அம்மாக்களை வைத்தே தெரிந்துகொள்ளலாம். இன்னும் சில: 108-ல் வரும் குழந்தை வார்டை அடையும்போது உடம்புச் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா, எந்தத் தாலுகாவிலிருந்து வரும் குழந்தைகள் அதிகம் குளிர்ந்து வருகின்றன. குறைப்பிரசவ வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணுக்கு, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் நுரையீரல் முதிர்ச்சிக்கான டெக்ஸாமெத்தசோன் ஊசி முதல் டோஸ் போடப்படுகிறதா. 2014-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது, 24 முதல் 34 வாரம் வரை, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு டோஸ், கிராம செவிலியரே முதல் டோஸ் போட்டு அனுப்பலாம் என்று. மருந்தோ கொஞ்சக் காசுதான். இந்த வகை ஸ்டீராய்டு ஊசி பலன் தரும் என்பது 1972-லேயே நியூசிலாந்தில் நிரூபிக்கப்பட்ட விஷயம். நம் வட்டாரத்தில் நடக்கிறதா என்பதைத்தான் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

யாரோடு சேர்வது

நாங்கள் முதல் தடவை செய்ததைச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ரொம்ப ஆர்வமான ஒரு குழந்தை மருத்துவர், எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயை அவர் சொன்ன உதவியாளருக்குச் சம்பளமாக மாதாமாதம் நேராகவே கொடுத்தோம். காகிதம் எதுவும் இல்லை. ஐந்தாவது மாதம் கவுன்சலிங்கில் அவருக்கு டிரான்ஸ்பர். எழுபது குழந்தைகளின் விவரத் தாள்கள் ஒரு இரும்பு பீரோவில் தூங்கின, அடுத்து வந்தவருக்கு அதில் ஆர்வம் இல்லை, இருந்திருந்தாலும், ஆய்வில் சேர்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்காமல் சேர்த்த தகவல் என்பதால் எங்கும் பிரசுரிக்க முடியாது. அவர் மேல் தப்பில்லை, பணம் முழுக்க வேலைக்குத்தான் போனது. நாங்கள்தான் ஆளை நம்பி நிறுவனத்தை மறந்துவிட்டோம்.

ஆகவே குறைந்தது இரண்டு ஆய்வாளர்கள், முடிந்தால் வேறு வேறு துறையிலிருந்து: குழந்தை மருத்துவம் ஒன்று, சமூக மருத்துவம் ஒன்று. சமூக மருத்துவத் துறைக்காரர்களை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஊருக்குள் போய்த் தேடுவதும், எத்தனை பேரைச் சேர்த்தால் கணக்கு நிற்கும் என்று சொல்வதும் அவர்களுக்குத்தான் கைவந்த கலை. அரசு மருத்துவக் கல்லூரி என்றால் அங்கே பல்துறை ஆராய்ச்சி அலகு, எம்.ஆர்.யூ., இருக்கிறதா என்று கேளுங்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் பணத்தில் பல அரசுக் கல்லூரிகளில் அமைத்திருக்கிறார்கள், சிலவற்றில் நல்ல ஆய்வகமும் சும்மா இருக்கும் ஃப்ரீசரும் உண்டு. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், கோவை பி.எஸ்.ஜி. போன்ற இடங்களில் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் காகித வேலை சுலபம், ஆனால் உங்கள் ஊர்க் குழந்தைகள் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரு கூட்டு ஆய்வாகச் செய்தால் உத்தமம்.

பணம் எந்த வழியாகப் போக வேண்டும்

தனி ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. அரசு மருத்துவமனை என்றால் டீன் கையெழுத்தோடு நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கு, அல்லது கல்லூரி இதற்கென்று தொடங்கித் தரும் தனிக் கணக்கு. தனியார் அறக்கட்டளைக் கல்லூரி என்றால் அவர்களுடைய ஆராய்ச்சிக் கணக்கு. இரண்டிலும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம்: என்ன கேள்வி, யார் பொறுப்பு, பொறுப்பாளர் மாற்றலாகிப் போனால் அடுத்து யார், பணம் எத்தனை தவணை, தகவல் யாருடைய பாதுகாப்பில், முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும். அந்தக் கடைசி வரியைக் கெஞ்சியாவது சேர்த்துவிடுங்கள்.

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதி வந்ததும் முதல் தவணை, பாதிக் குழந்தைகள் சேர்ந்ததும் இரண்டாவது, தகவல் சேகரிப்பு முடிந்ததும் மூன்றாவது, அறிக்கையை அனுப்பியதும் மிச்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது மட்டும்தான், ஆனால் கட்டாயம் கேளுங்கள். நெறிமுறைக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா. சிகிச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை என்றால் முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியச் சோதனைப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டதா. 2018 ஏப்ரலிலிருந்து, தொடங்கிய பிறகு வந்து பதிவு செய்வதை அவர்கள் ஏற்பதில்லை. சம்மதப் படிவம் தமிழில், படித்தால் புரியும் தமிழில் இருக்கிறதா. எங்களுக்கு வந்த முதல் படிவத்தில் 'தன்னார்வப் பங்கேற்பிலிருந்து எக்கட்டத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை' என்று இருந்தது. குழுவிலிருந்த சிஸ்டர் அதை "வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் சொல்லிடலாம், குழந்தைக்குப் பாக்குற வைத்தியம் குறையாது" என்று மாற்றினார். நெறிமுறைக் குழு உடனே ஒத்துக்கொண்டது.

பட்ஜெட்: பஸ் கூலியை மறக்காதீர்கள்

ஆய்வாளர்கள் தரும் முதல் பட்ஜெட்டில் லேப்டாப் இருக்கும், பிரிண்டர் இருக்கும், ஏதாவது ஒரு மெஷின் இருக்கும். பெரும்பாலும் வெட்டிவிடலாம். ஆளுக்கும் பயணத்துக்கும்தான் பணம் வேண்டும்.

கணக்குக்காக ஒரு உதாரணம். வீட்டுக்குப் போன 120 குறைமாதக் குழந்தைகளை ஒரு வயது வரை பின்தொடர்கிறோம் என்று வையுங்கள். சேர்க்க ஒரு வருஷம், பின்தொடர ஒரு வருஷம். ஒரு முழுநேர ஆய்வுச் செவிலியர், மாதம் 25,000 என்றால் 24 மாதத்துக்கு 6 லட்சம். குழந்தை ஒன்றுக்கு நாலு தடவை வந்து போக, அம்மாவுக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணம், சாப்பாடு, போன அன்றைய கூலி எல்லாம் சேர்த்துத் தடவைக்கு 500 ரூபாய் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். வராதவர்களைத் தேடிப் போக 60,000, புள்ளிவிவரம் பார்ப்பவருக்கு 75,000, படிவம், போன், இதர செலவு 40,000. மொத்தம் 10 லட்சத்து 15 ஆயிரம். சம்பளமும் தூரமும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் விகிதம் இப்படித்தான் இருக்கும். குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் உருவாக்கிய வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணையில் 17 கேள்விகள்தான், சில நிமிஷ வேலை, சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம்.

500 ரூபாய் கொடுத்தால் ஆசை காட்டி இழுப்பது ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். செலவையும் இழந்த கூலியையும் ஈடு செய்வதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகளே அனுமதிக்கின்றன, நெறிமுறைக் குழுவிடம் தொகையைக் காட்டி ஒப்புதல் வாங்கினால் போதும். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தானே என்றும் ஒருவர் கேட்டார். மலையிலிருந்தும் அடுத்த மாவட்ட எல்லையிலிருந்தும் வருகிறவர்களுக்கு டவுன் பஸ் மட்டும் போதாது, கூட வரும் ஆணுக்கும் டிக்கெட் உண்டு.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அங்கே திடீரென்று வலி வந்து பிரசவம் ஆகும், மருத்துவமனைப் பதிவில் தாய்வீட்டு முகவரி இருக்கும், இல்லையென்றால் ஆதாரில் உள்ள புருஷன் வீட்டு முகவரி இருக்கும், மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ குழந்தையோடு அவள் இடம் மாறிவிடுவாள். பதிவில் உள்ள போன் நம்பர் கணவருடையது, அவர் திருப்பூரில் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார். குழந்தைக்கோ மருத்துவமனைச் சீட்டில் 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயர்தான், பெயர் வைத்த பிறகு அது வேறு பெயரில், வேறு இனிஷியலில் தடுப்பூசி அட்டையில் இருக்கும். இப்படித்தான் பாதிக் குழந்தைகள் ஆய்விலிருந்து காணாமல் போகிறார்கள், அப்புறம் மீதிப் பாதியை வைத்து எழுதும் முடிவுக்கு என்ன மதிப்பு? சேர்க்கும் நாளிலேயே இரண்டு முகவரி, மூன்று போன் (பாட்டியின் நம்பர் கட்டாயம், அவர்தான் எடுப்பார்), அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளமான பிக்மியில் பதிந்த ஆர்.சி.ஹெச். எண், இரண்டு ஊரின் கிராம சுகாதார செவிலியர் பெயர் என்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சம்மதம் கேட்கும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிசேரியன் முடிந்த முதல் நாள், குழந்தை வேறு மாடியில், அப்போது நீட்டும் காகிதத்தில் எந்த அம்மாவும் கையெழுத்துப் போடுவாள். நானும் எதிலெல்லாம் போட்டேன் என்று இன்று வரை தெரியாது. பின்தொடர்தல் ஆய்வுக்கு அவசரமே இல்லை, வீட்டுக்கு அனுப்ப இரண்டு நாள் முன்பு கேட்டால் போதும்.

எங்கிருந்து திரட்டுவது

மாதச் சந்தாதான் எங்கள் அனுபவத்தில் நின்றது. ஆளுக்கு 1000 ரூபாய், நாற்பது பேர், இரண்டு வருஷம் என்றால் 9 லட்சத்து 60 ஆயிரம். ஒரே பணக்காரரைத் தேடி அலைவதைவிட இது மேல், அவர் மனசு மாறினால் ஆய்வு நடுவில் நிற்காது. ஊர்ப் பணம் சேர்த்துப் பெரிய மருத்துவ வேலை நடப்பது இங்கே புதிதும் இல்லை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று திரட்டிய நிதியில் 12 படுக்கையோடு தொடங்கியதுதான். அமெரிக்காவிலும் 1938-ல் போலியோவுக்காகப் பத்து சென்ட் நாணயமாகச் சேர்க்க ஆரம்பித்த மார்ச் ஆஃப் டைம்ஸ், போலியோ ஒழியும் காலம் வந்ததும் பிறவிக் குறைபாடுகளுக்கும் பின்னாளில் குறைப்பிரசவத்துக்கும் திரும்பியது. சந்தா சேர்க்க நவம்பர் 17 நல்ல நாள், உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம், மருத்துவமனையில் எப்படியும் ஒரு கூட்டம் போடுவார்கள்.

பணம் வாங்குகிற அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இருக்க வேண்டும், 80ஜி இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரி விலக்கு. புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் எல்லாரும் இன்னும் 80ஜி என்றே சொல்கிறார்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்த விலக்கு கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மார்ச் மாதம் சண்டை வரும். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் விலக்கு கிடைக்காது.

உங்கள் ஊரில் மில்லோ பவுண்டரியோ இருந்தால் சி.எஸ்.ஆர். பணத்தை, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று சட்டப்படி ஒதுக்கும் பணத்தை, கேட்கலாம். நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். லாபம் 5 கோடி என்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம், ஊரில் இரண்டு மூன்று தேறும். வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அக்டோபருக்குள் போய்ப் பாருங்கள், பிப்ரவரியில் போனால் மார்ச்சுக்குள் செலவழிக்கிற மாதிரி ஏதாவது கேளுங்கள் என்பார்கள், அது மறுபடியும் வார்மரில்தான் போய் முடியும். இரண்டு வருஷ ஆய்வு என்பதால் 'தொடரும் திட்டம்' என்று அவர்கள் போர்டில் தீர்மானம் போடச் சொல்லுங்கள், தொடங்கிய ஆண்டுக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை இழுக்கலாம்.

வெளிநாட்டு நண்பர்கள் பணத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. குடியுரிமை மாறியவர், ஓ.சி.ஐ. அட்டைக்காரர் உட்பட, கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது, பதிவு உள்ள அமைப்பு வாங்கி நம் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. பதிவுள்ள மருத்துவக் கல்லூரிக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வெளிநாட்டுப் பணம் ஆய்வுக்குள் வந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் சேர்ந்துகொள்ளும் என்பதால், சின்ன ஆய்வுக்கு இது தேவையா என்று முதலில் யோசியுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கேட்கவே கூடாது: பால் பவுடர், குழந்தை உணவு கம்பெனிகள். 1992-ம் வருஷச் சட்டம் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அவர்களின் சங்கங்களுக்கும் அவர்கள் பணம் கொடுப்பதையே தடை செய்கிறது, கருத்தரங்கு, ஆராய்ச்சி எல்லாம் அதில் அடக்கம். நல்ல பேச்சோடு வருவார்கள், வேறு பெயரில் உள்ள அமைப்பு வழியாகவும் வருவார்கள்.

கொடுத்த பிறகு

வாராவாரம் போய் நிற்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று எண்களை மட்டும் கேளுங்கள்: எத்தனை குழந்தை சேர்ந்தது, எத்தனை வர வேண்டிய தேதியில் வந்தது, எத்தனை பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மூன்றாவது எண் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் உடனே உட்கார்ந்து பேசுங்கள், புதுக் குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டுக்கூடப் பழையவர்களைத் தேடச் சொல்லலாம். குழந்தைகளின் பெயர், முகவரி எதையும் நீங்கள் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. முடிவைப் பற்றி "நல்லா வரும்ல?" என்று கேட்பதும் வேண்டாம், நாம் பணம் கொடுத்தவர்கள், நம் முகத்தைப் பார்த்து எண்கள் அசையக் கூடாது.

ஊர்ப் பணத்தை விதைநெல்லாக நினைக்கச் சொல்லுங்கள். நூறு குழந்தைகளிடம் ஒழுங்காகச் சேர்த்த தகவல் கையில் இருந்தால் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடமோ உயிர்த்தொழில்நுட்பத் துறையிடமோ பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கும்போது பேச்சே வேறு. உயிர்த்தொழில்நுட்பத் துறை 2015-ல் தொடங்கி வைத்த கர்பினி ஆய்வும் குருகிராம் அரசு மருத்துவமனை ஒன்றில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ததுதான், அந்தத் தகவலை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.க்காரர்களும் சேர்ந்து இந்தியக் குழந்தைகளின் கர்ப்ப வாரத்தைக் கணக்கிடும் முறையை 2024-ல் வெளியிட்டார்கள். ஒப்பந்தத்திலேயே 'முடிந்த ஆறு மாதத்துக்குள் ஒரு வெளி நிதிக்கு விண்ணப்பிப்பது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முடிவு வந்ததும் ஆய்வில் இருந்த அம்மாக்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் போக வேண்டும், போன் இருக்கிறவர்களுக்கு வாய்ஸ் மெசேஜாகவே போகட்டும். அதற்கும் பட்ஜெட்டில் ஐயாயிரம் ஒதுக்குங்கள்.

துறைத்தலைவரை முதல் தடவை பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள், ரவுண்ட்ஸும் ஓ.பி.யும் முடிய ஒரு மணி ஆகும். இரண்டு மணிக்கு மேல், இரண்டே பேராகப் போங்கள். வார்டு வாசலில் அம்மாக்களிடம் கேட்டு எழுதிய அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோங்கள், காசோலைப் புத்தகம் இரண்டாவது சந்திப்புக்கு.